நான் செத்துப்போன ஒலக்கூர் பஸ்

பதிவு செய்த தன் குரலைக் கேட்டு மகிழ்கிற மனிதர் உலகத்தில் கிடையாது. "இதுவா நான்? இப்படிக் கீச்சென்றா பேசுகிறேன்?" என்றுதான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நான் ஒருத்திதான் விதிவிலக்கு. என் குரலைக் கேட்பதற்காகவே வேலை வெட்டி இல்லாமல் பஸ் ஏறிச் சுற்றியவள் நான். அதற்கான பலன் பல வருடம் கழித்து, ஒரு போகிப் பண்டிகைக் காலையில், திண்டிவனத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது.

விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்த நான், படிப்பு முடிந்து சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். மாநகரப் பேருந்துகளில் "அடுத்த நிறுத்தம் இன்னது" என்று அறிவிக்க ஒரு பெண் குரல் வேண்டும் என்று தோழி ஒருத்தி சொல்லி அனுப்பினாள். ஒரு குடியிருப்பின் மாடி அறை. சுவர் முழுக்க முட்டை அடுக்கும் அட்டையை ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். சத்தம் வரும் என்று ஃபேனை அணைத்துவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கட்டளை போட்டார்.

"சிரிச்ச மாதிரி பேசுங்க மேடம். ஆனா சிரிக்காதீங்க. அன்பா இருக்கணும். ஆனா யார்மேலயும் அன்பு இருக்கக் கூடாது."

(இன்றுவரை இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் பேசினேன்.)

நிறுத்தங்களின் பெயர்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பஸ் எங்கே போகிறது என்று செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும். டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி அதற்குரிய பெயரை எடுத்து ஒலிக்கும். காலையில் சாப்பிடாமல் போயிருந்தேன். "மந்தைவெளி" என்று சொல்லி முடித்தபோது பசியில் என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெருமூச்சும் அப்படியே பஸ்ஸில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் அடித்த கூத்து சாதாரணமானதல்ல. என் குரல் வரும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுவேன். ஒரு கண்டக்டர் பொறுக்க முடியாமல், "இன்னாம்மா, ரெண்டு தபா சுத்திட்ட. எங்கதான் எறங்கணும்?" என்று கேட்டார். பக்கத்து இருக்கை அம்மாவிடம், "இது என் குரல்தாங்க" என்று ஒருநாள் சொன்னேன். அவர் தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

பிறகு நகரம் மாறியது. மெட்ரோவுக்காகத் தோண்டினார்கள். சாலைகளை ஒருவழி ஆக்கினார்கள், நிறுத்தங்களைத் தெரு தாண்டி நகர்த்தினார்கள். வெறும் தகர வேலி நிற்கும் இடத்தில் பஸ் போய்க்கொண்டிருக்க, அங்கே இல்லாத நிறுத்தத்தை என் குரல் மட்டும் விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தது. பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. அவற்றில் வேறு ஒரு பெண் பேசினாள். (என்னைவிடச் சுமார்தான்.) என் குரல் வந்த பஸ்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாற்றல் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

இடையில் எனக்குக் கல்யாணம் ஆனது. இளங்கோவின் குடும்பம் ஒலக்கூர் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர்கள். என் வீட்டில் நாங்கள் கத்தோலிக்கர்கள். பதிவுத் திருமணம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, "பையன் நேரத்துக்கு வந்து சேர்ற ஆளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதித்துவிட்டார். இளங்கோவின் அம்மா சம்மதிக்கவில்லை. மகனோடு போனில் பேசுவார். நான் எடுத்தால் சிக்னல் போய்விடும். இரண்டு பொங்கல் அப்படியே கழிந்தது. மூன்றாவது வருடம் ஒரு வரி வந்தது: "பொங்கலுக்கு இட்டுக்கினு வா. பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" என்ற வார்த்தையை நானும் இளங்கோவும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தோம். எப்படிச் சொன்னாலும் அதில் ஒரு மிரட்டல் இருந்தது.

போகியன்று இருட்டு விலகும் முன்பே கிளாம்பாக்கத்தில் சந்தித்து, ஒரே பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. இளங்கோ ராத்திரி வேலை முடிந்து நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் பையோடு காத்திருந்தேன். போன் வந்தது.

"எங்க நிக்கிற? நம்ம ஊரு பஸ் ஒண்ணையும் காணோம். பிளாட்பாரமே காலியா கெடக்கு."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"கோயம்பேட்டுலதான்."

தெற்கே போகும் பஸ்களை எல்லாம் கிளாம்பாக்கத்துக்கு மாற்றிப் பல நாள் ஆகிவிட்டது. அதைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னவரே இவர்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில் கால் பழைய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

"நீ கெளம்பு. அம்மா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க. நான் எழும்பூர் போயி ரயில்ல வந்துடறேன்" என்றார். அவர் பிடித்த ரயில் திண்டிவனத்தில் நிற்காது என்பது ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நான் மாமியாரை முதல்முறை சந்தித்துக்கொண்டிருந்தபோது, என் கணவர் திண்டிவனத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி விழுப்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் பனி இறங்கியிருந்தது. போகிப் புகை வேறு. இரண்டும் கலந்து, பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்பவரின் கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து கையில் புதுப் பொங்கல் பானையோடு ஒரு அம்மாள் வந்து என்முன் நின்றார். போட்டோவில் பார்த்த முகம். கும்பிட்டேன். பதிலுக்கு அவர் என் செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"அவன் எங்க?"

"ரயில்ல வர்றாரு அத்தை."

"உம். ஏறு."

ஒலக்கூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய நிறம் அங்கங்கே எட்டிப் பார்த்தது. நெற்றியில் இருந்த மின்பலகை செத்துப்போய், அதன்மேல் ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைச் செருகியிருந்தார்கள். உள்ளே டிரைவர் தலைக்கு மேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியைச் சுற்றி மல்லிச்சரம் கட்டி, குங்குமம் வைத்து, கீழே ஒரு எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். பண்டிகை அலங்காரம் என்று நினைத்தேன்.

பஸ் கிளம்பியது. வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. சாலையோரத்தில் அங்கங்கே பாயும் பழந்துணியும் எரிந்துகொண்டிருந்தன. நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் கரிய நிழலாகத் திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தார்கள். பானையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை நேராகப் பார்த்தபடி இருந்தார். நானும் நேராகப் பார்த்தேன்.

அப்போது என் குரல் கேட்டது.

"அடுத்த நிறுத்தம்... கலங்கரை விளக்கம்."

என் வாய் மூடியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கையை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மூடித்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொல்லை ஒன்று பனிக்குள் நழுவிப்போனது. கடலும் இல்லை, விளக்கும் இல்லை. முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"பயந்துக்காத" என்றார் அத்தை. அவர் எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் வார்த்தை. "அது ஒண்ணும் பண்ணாது. பேசிக்கினேதான் வரும்."

"எது அத்தை?"

"அந்தப் பொண்ணு."

என் முதுகில் பனி ஏறியது.

"மெட்ராஸ்ல இதே வண்டியில வேலைக்குப் போய்க்கினு இருந்த பொண்ணாம்" என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னார். "ஒரு நாளு கூட்டத்துல படியில தொங்கிக்கினு வந்து வுழுந்துடிச்சாம்."

பூக்கார அம்மாள் திரும்பினார். "வுழலக்கா. உள்ளாறவே மூச்சு முட்டிப் போச்சாம். காலைல ஒண்ணும் துன்னாம பசியோட ஏறியிருக்குது, பாவம்."

பசியோட என்ற வார்த்தை கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எப்படி இவர்களுக்குத் தெரியும்?

"அதுக்கப்புறம் அந்த வண்டிய மெட்ராஸ்ல ஓட்ட முடியல" என்று பூக்கார அம்மாள் முடித்தார். "அதான் நம்ம பக்கம் தள்ளிட்டாங்க. நம்ம பக்கம்னா எது வேணா ஓடும்ல."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நகரத்துக்குப் பழசாகிப் போன பஸ்ஸை இந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். கூடவே பெட்டியும் வந்துவிட்டது. செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்து, மனசுக்குத் தோன்றிய நேரத்தில் வரிசைப்படி பேசிக்கொண்டிருக்கிறது. இதுதான் காரணம். ஆனால் அந்தப் பனியில், அந்த வெளிச்சத்தில், என்னுடைய காரணத்தைவிட அவர்களுடைய காரணம்தான் எனக்கே பொருத்தமாகப் பட்டது.

"அடுத்த நிறுத்தம்... மந்தைவெளி." அதைத் தொடர்ந்து அந்தப் பெருமூச்சு. நீளமாக, களைப்பாக, காதுக்குப் பக்கத்தில்.

பஸ் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது.

"பாத்தியா" என்றார் அத்தை. "அங்கதான் உசுரு போச்சு."

நான் செத்த இடம் இவ்வளவு துல்லியமாக ஊருக்குத் தெரிந்திருக்க, எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதே என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. (சிக்னல் இல்லாததை வைத்து நான் இறந்துவிட்டேன் என்று முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனால் அந்தக் கணத்தில் அது ஒரு ஆதாரம் மாதிரிதான் இருந்தது.)

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அத்தை ஒலிபெருக்கியைப் பார்த்து உருகிப்போய் ஒன்று சொன்னார்.

"எம்மாம் அழகா பேசுது பாரு. ஒரு எழுத்து முழுங்கல. மருவாதி தெரிஞ்ச பொண்ணு. இந்த மாரி ஒண்ணு வூட்டுக்கு வந்திருந்தா..."

பாதியில் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு வந்தது கோபமா, பொறாமையா தெரியவில்லை. செத்துப்போன நான் நல்ல மருமகள். உயிரோடு பக்கத்தில் இருக்கிற நான் வேண்டாதவள். இதை எந்தப் பெண் பொறுப்பாள்?

"அத்தை, அது நான்தான்."

"எது?"

"அந்தக் குரல். நான்தான் பேசிப் பதிவு பண்ணது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரவு முழுக்கத் தூங்காமல், புகை குடித்து, என் தொண்டை கட்டிப்போயிருந்தது. நான் பேசியது ஒரு காக்கையின் குரலில்.

"யம்மா, செத்தவங்கள வெச்சி வெளாடாத" என்றார் அத்தை. பூக்கார அம்மாளும், "வாணாம் பாப்பா, கேட்டுக்கினு இருக்கும்" என்று எச்சரித்தார்.

நிரூபித்துக் காட்டியே தீர வேண்டும் என்று எனக்குள் ஒரு பிசாசு ஏறியது. (அன்றைக்கு உண்மையில் ஏறிய ஒரே பிசாசு அதுதான்.) மந்தைவெளிக்கு அடுத்து எது என்று எனக்கு மனப்பாடம். எழுந்து நின்றேன். மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தொண்டையைச் செருமிச் சரிசெய்தேன். சிரிக்காமல் சிரித்தேன். யார்மேலும் அன்பில்லாமல் அன்பானேன். ஒலிபெருக்கி கரகரத்த அதே நொடியில் வாயைத் திறந்தேன்.

"அடுத்த நிறுத்தம்... அடையாறு. கவனமாக இறங்கவும்."

இரண்டு குரல்கள். ஒரு மயிரிழை பிசகவில்லை. மேலிருந்து ஒன்றும் என் வாயிலிருந்து ஒன்றுமாக, ஒரே குரல் அந்தப் பஸ்ஸை நிறைத்தது. ஸ்டுடியோவில்கூட நான் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

கைத்தட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன்.

முதலில் பூக்கூடை பறந்தது. பிறகு பஸ் முழுக்க ஒரே அலறல். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிரேக்கை மிதித்தார், இன்ஜினை அணைத்தார், அவர் பக்கத்துக் கதவைத் திறந்து முதல் ஆளாக இறங்கினார். முன்வாசல், பின்வாசல், அவசர வழி என்று எல்லாவற்றிலும் ஆட்கள் கொட்டினார்கள். பூக்கார அம்மாள் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பானை மட்டும் இருக்கையில் தனியாக உருண்டது.

கண் மூடித் திறப்பதற்குள் பஸ்ஸில் நான் மட்டும். இன்ஜின் சத்தம் இல்லை. ஜன்னல்களில் வெள்ளைப் பனி. இறங்கியவர்கள் அந்தப் பனிக்குள் கரைந்துவிட்டார்கள். இந்த உலகத்தில் நானும் அந்த எலுமிச்சம்பழமும்தான் மிச்சம் என்பதுபோல இருந்தது. பழம் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி தானாகக் கரகரத்தது.

"இது கடைசி நிறுத்தம்" என்றது என் குரல், அன்பாக. "பயணிகள் அனைவரும் இறங்கவும்."

ஜன்னல் பக்கம் பார்த்தேன். பனி கொஞ்சம் விலகியது. பஸ் நின்றிருந்தது ஊர்ச் சுடுகாட்டுக்கு எதிரே.

அந்த வாக்கியத்தைப் பேசியவள் நான். எந்த அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் படியில் கால் வைக்காமல் நேராகத் தரையில் குதித்தேன். என் குரலுக்குப் பயந்து நானே ஓடினேன். பனிக்குள் ஜனங்கள் நின்ற பக்கமாக ஓடினேன். "ஐயோ, அது நம்மகிட்டதான் வருது" என்று யாரோ சொல்ல, அவர்கள் என்னிடமிருந்து ஓடினார்கள். நான் பஸ்ஸிடமிருந்தும், ஊர் என்னிடமிருந்தும் ஓடியதில், பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி போல இருந்திருக்கும். பார்க்கத்தான் யாரும் நிற்கவில்லை.

கடமை தவறாத கண்டக்டர் ஒருவர்தான் ஒரு வேப்பமரத்தின் பின்னாலிருந்து பேசினார்.

"யம்மா, உங்களுக்கு டிக்கெட் குடுத்தனா?"

பெண்களுக்கான இலவச டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு யோசித்துவிட்டு, "அதுங்க கையிலயும் டிக்கெட் இருக்குமே" என்று மறுபடி மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்தார். அத்தை. உதடு ஏதோ சாமி பேரை முணுமுணுத்தது. ஆனாலும் வந்தார். வந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, வாணாம், கிட்ட போகாத" என்று தூரத்திலிருந்து பூக்கார அம்மாளின் குரல் கேட்டது.

"எம் மருமவளாச்சே. எப்டிடி வுட்டுட்டுப் போறது?" என்றார் அத்தை.

அந்தப் பிடி எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது.

என்னோடு அந்தப் பஸ்ஸில் ஏற யாரும் தயாராக இல்லை. ஆகவே நடந்தோம். கண்டக்டர் கழி ஒன்றில் மாட்டி நீட்டிய பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால். அவர் கையில் நான். கூப்பிடு தூரத்தில் பின்னால் மொத்தப் பயணிகள். "அத்தை, நான் சொல்றதக் கேளுங்க" என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் பின்னால் ஊர்வலம் நின்றுவிடும். அதனால் பேசாமல் நடந்தேன். என் மாமியார் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்த விதம் இது.

வீட்டு வாசலில் பாயைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நெற்றியில் விபூதி, கையில் வேப்பிலை. பூசாரி வந்தார். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டும்கூட என்பதால் விசாரணை கொஞ்சம் முறையாக இருந்தது.

"யாரு நீ?"

"ஜெசிந்தா."

"அது இந்தப் பொண்ணு பேரு. நீ யாரு?"

"நானும் ஜெசிந்தாதாங்க."

பூசாரி கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே பேராம்" என்றார். கூட்டம் தலையை ஆட்டியது.

"எங்க ஏறின?"

"கிளாம்பாக்கத்துல."

"எங்க எறங்கணும்?"

வெறுத்துப்போய், "இங்கதான் எறங்கணும். இந்த வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றேன். அத்தை தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, உனக்கு இன்னா வேணும்? கேளு, குடுத்துடறோம்."

விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத எனக்கு உண்மை தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. "காபி."

கூட்டம் பூசாரியைப் பார்த்தது.

"பட்டணத்துப் பொண்ணு" என்று பூசாரி விளக்கம் கொடுத்தார். "அதான் காபி கேக்குது. போட்டுக் கொண்டாங்க. சக்கரை தூக்கலா."

காபி வந்தது. அத்தையே கொண்டுவந்து என் எதிரே உட்கார்ந்தார். டம்ளரை என் கையில் கொடுக்கவில்லை. தானே பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி வாயில் புகட்டினார். பிறகு என் கண்ணைப் பார்த்து, என்னிடம் அல்லாமல் எனக்குள் இருந்தவளிடம் பேசினார்.

"இதப் பாரு பாப்பா. நீ சின்ன வயசுல போயிட்ட. எனக்குத் தெரியும், பஸ்ஸுல உன் கொரலு கேக்கறப்பல்லாம் உனக்காவ சாமிய வேண்டிக்குவேன். ஆனா இவள வுட்டுரு. இது எம் புள்ள கட்டிக்கினு வந்த பொண்ணு. மொத தபா வூட்டுக்கு வருது. நான்தான் வராதன்னு நிறுத்தி வெச்சேன். என் வீம்பு, வேற இன்னா. போட்டோவுலயே புடிச்சிதான் இருந்துது. வாயத் தொறந்து சொல்லல. எனக்கு இவ வேணும். குடுத்துடு."

நான் கண்களை மூடிக்கொண்டேன். ஆவி போய்விட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கையை எடுத்துவிடுவாரே என்று இருந்தது. ஆகவே அந்தப் பெண்ணை இன்னும் கொஞ்ச நேரம் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. விழுப்புரம் வரை போய்விட்ட இளங்கோ, போனதுதான் போனோம் என்று என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, அங்கிருந்து பாசஞ்சர் பிடித்துத் திரும்பி வந்திருந்தார். சம்பந்திகள் முதன்முதலாகச் சந்திக்கும் நேரம். கையில் பழத்தட்டோடு வந்த அப்பா, விபூதியும் வேப்பிலையுமாக என்னைப் பார்த்துச் சிலையாக நின்றார்.

"இன்னாங்க பண்றீங்க எம் பொண்ண?"

பூசாரி பொறுமையாக விளக்கினார். பஸ் பொண்ணு, பெருமூச்சு, இரட்டைக் குரல், காபி எல்லாம் சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "அட, அது எம் பொண்ணு கொரலுதாங்க" என்றார். "பதிவு பண்ணது. செத்துக்கித்து ஒண்ணும் போகல."

யாரும் நம்பவில்லை. அப்பா மேலே பேச வாயெடுத்தார். அதற்குள் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. பெருமையில் அவர் வைத்திருந்த ரிங்டோன் அது.

"அடுத்த நிறுத்தம்... மந்தைவெளி." பெருமூச்சு.

அப்பாவின் நெஞ்சிலிருந்து நான் பேசியதைக் கேட்டதும் முதல் ஆளாகப் பூசாரி ஓடினார். அவரே ஓடும்போது மற்றவர்கள் நிற்க என்ன இருக்கிறது? வாசல் காலியானது. அத்தை மட்டும் டம்ளரோடு உட்கார்ந்த இடத்தில் இருந்தார். ஓடுவதற்குக் காலில் வலு இல்லை என்று பின்னால் சொன்னார். என் கையை விடவில்லை என்பதுதான் நான் பார்த்தது.

இளங்கோ தன் போனில், ஒலிப்பதிவு அன்று எடுத்த பழைய வீடியோ ஒன்றைத் தேடிக் காட்டினார். முட்டை அட்டைச் சுவர், வியர்த்து வழியும் நான், அசைகிற என் வாய், அந்தக் குரல். அத்தை அதை முழுவதும் பார்த்தார். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் பேசுனது எல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட" என்றார் என்னிடம். "உங்கிட்ட இல்ல. தெரியுதா?"

"தெரியுது அத்தை."

"உள்ள வா. மூஞ்சியக் கழுவு. சோறு துன்னு."

அந்தப் பொங்கலுக்குப் பிறகு, யாரோ புகார் கொடுத்ததில் பஸ்ஸிலிருந்து பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் அந்தத் தடத்தில் இன்றுவரை யாரும் எங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை. வீடியோ எல்லாம் எடிட்டிங் என்கிறார்கள். பெட்டியைக் கழற்றியதும் குரல் நின்றதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது: அது இறங்கிவிட்டது, அதற்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. எந்த இடம் என்று சொல்ல மாட்டார்கள். நான் பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பண்டிகைக் கூட்டம் படியில் தொங்கினாலும் நான் உட்கார்ந்த இருக்கையில் என் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருக்கும்.

இது என் புகுந்த வீட்டுக்குப் பெரிய வசதியாகப் போய்விட்டது. திண்டிவனத்துக்குத் துணி எடுக்கப் போனாலும், மாதா கோயில் திருவிழாவுக்கு அப்பா வீட்டுக்குக் கிளம்பினாலும், பஸ் வந்ததும் அத்தை என் முதுகில் கை வைத்து முதலில் தள்ளுவார். "போ, போயி ஒரு வாட்டி அடுத்த நிறுத்தம்னு சொல்லு, எடம் கெடைக்கும்" என்று இளங்கோ கிண்டல் செய்வார். அதற்குக்கூட அவசியம் வருவதில்லை.

"பயப்படாதீங்க, எம் மருமவதான்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அத்தை சொல்வார். அவர் சொல்கிற விதத்தில், அதுவரை பயப்படாமல் இருந்தவர்களும் பயந்துவிடுவார்கள். பிறகு நிதானமாக வந்து, வேறு யாரும் உட்காரத் துணியாத அந்த இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்துகொள்வார்.